பாசிக் களியும் நுண்சிமிழும்: பல்சக்கரைட்டுப் பொதிகளின் கட்டுப்பட்ட வெளியீடு பற்றித் தமிழில் ஒரு விளக்கம்

1980ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ ஆய்விதழில் பிராங்க்ளின் லிம், அந்தனி சன் ஆகிய இருவர் மூன்று பக்க அளவிலான சிறு கட்டுரையொன்றை வெளியிட்டனர். சன் பணியாற்றியது ரொறன்ரோவின் கொனோட் ஆய்வு நிறுவனத்தில். 1921இல் அந்நகரில் இன்சுலின் கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து அம்மருந்தை உற்பத்திசெய்த கொனோட் ஆய்வுகூடங்களின் வழிவந்த நிறுவனம் அது. எலியின் சதையியிலிருந்து பிரித்தெடுத்த இன்சுலின் சுரக்கும் கலத்திரள்களை, கடற்பாசியிலிருந்து பெற்ற பல்சக்கரைட்டினாலான நுண்ணிய பொதிகளுக்குள் இட்டு, நீரிழிவுக்கு உள்ளாக்கப்பட்ட எலிகளின் உடலுக்குள் வைத்தபோது, அவற்றின் நீரிழிவு இரண்டு முதல் மூன்று வாரங்கள் வரை நீங்கியிருந்தது என்பதே அவர்கள் அறிவித்த செய்தி. உடலுக்குள் அந்நியக் கலங்களை வைத்து, அவற்றை உடல் தாக்காமலும், அவை சுரப்பதை உடல் பெறாமற் போகாமலும் காத்தது ஒரு மெல்லிய பாசிக் களி.

அப்பாசிக் களி எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதையும், அதே தத்துவத்தில் இயங்கும் மருந்து வில்லைகள் நம்மவர் வீடுகளில் நாள்தோறும் விழுங்கப்படுகின்றன என்பதையும் தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விடயத்தில் விளக்கம் சொல்லில் தொடங்க வேண்டியிருக்கின்றது. ‘பொதி’ எனும் கருத்துக்குத் தமிழில் இன்று வழங்கும் சொற்கள் பொருளின் இயல்பைப் பாதியளவே காட்டுகின்றன என்பது என் எண்ணம்.

சொற்கள்

சர்க்கரை அலகுகள் பல நூறு, பல்லாயிரம் என்று தொடராகக் கோக்கப்பட்ட பெருமூலக்கூறுகளை ஈழத்துப் பாடநூல் மரபு ‘பல்சக்கரைட்டு’ என்றும், தமிழக மரபு ‘கூட்டுச்சர்க்கரை’ அல்லது ‘பாலிசாக்கரைடு’ என்றும் வழங்கும். சதையியைத் தமிழகத்தார் கணையம் என்பர். கலத்தைச் செல் என்றோ உயிரணு என்றோ குறிப்பர். நான் கற்ற மரபையே இங்கே பின்பற்றுகின்றேன். இரு மரபுகளையும் அறிந்த அவையினருக்கு இதனால் இடர் இராது.

இடர் தருவது வேறு சொல். ‘கப்சியூல்’ என்பதற்கு உறை, கூடு, குளிகை என்று பலவும் வழங்குகின்றன. உறை என்றால் வாளுறையும் தலையணையுறையும் நினைவுக்கு வரும். உள்ளிருப்பதை மூடிக் காப்பதே அதன் தொழில். ஆனால் இங்கு பேசப்படும் பொருளின் சிறப்பு மூடுவதில் இல்லை. எதை, எப்போது, எவ்வளவு விரைவில் வெளியே விடுவது, எதை உள்ளே விடாதிருப்பது என்பதிலேயே அதன் பயன் முழுவதும் தங்கியுள்ளது. திறந்து மூடும் குங்குமச் சிமிழ் இதற்கு நெருங்கிய உவமையாகலாம் எனக் கருதி, சுவரும் உள்ளீடும் தனித்தனியே உடைய பொதியை ‘நுண்சிமிழ்’ என்றும், உள்ளும் புறமும் ஒரே களியாக இருந்து மருந்து அதனூடே விரவிக் கிடப்பதை ‘நுண்மணி’ என்றும் பிரித்து வழங்குகின்றேன். ஆங்கில ஆய்வெழுத்தில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு பெயர்கள் உள்ளன. தமிழில் இரண்டையும் ‘உறை’ என்று எழுதும்போது, பின்னர் நாம் காணப்போகும் முக்கியமான வேறுபாடொன்று மறைந்துவிடுகின்றது.

ரொறன்ரோவின் குமிழித் தேநீர்க் கடைகளில் இவ்வேறுபாட்டைக் கரண்டியால் அள்ளிப் பார்க்கலாம். மரவள்ளி மாவில் செய்த கரிய முத்து, நம் சவ்வரிசியைப் போலவே, கடித்தால் உட்புறம் வரை ஒரே பதமாக இருக்கும்; அது மணி. பல்லில் பட்டவுடன் வெடித்துப் பழச்சாற்றைச் சிந்தும் முத்து சிமிழ். அதன் தோல் பாசியிலிருந்து பெற்ற அல்ஜினேற்று.

பாசியும் அதன் கரையும்

பழுப்புப் பாசிகளின் கலச்சுவரில் உள்ள அல்ஜினிக் அமிலத்தை முதலில் பிரித்தெடுத்து விவரித்தவர் எட்வேர்ட் ஸ்டான்போர்ட் என்னும் வேதியியலாளர். 1880களின் தொடக்கத்தில், ஸ்கொட்லாந்துக் கரையோரப் பாசிகளை ஆராய்ந்தபோது அவர் இதனைக் கண்டார். இன்று மருத்துவத் தரமுள்ள அல்ஜினேற்றுக்கு நோர்வே பெயர்பெற்றது. எனினும் இம்மூலப்பொருள் தமிழ்க் கடலுக்கும் அந்நியமானதன்று. மன்னார் வளைகுடாவின் மண்டபம், பாம்பன் கரைகளில் கட்டக்கோரை எனவும் பகோடாப் பாசி எனவும் அழைக்கப்படும் பழுப்புப் பாசிகள் அல்ஜினேற்று ஆலைகளுக்கும், மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி ஆகிய செம்பாசிகள் அகர் ஆலைகளுக்கும் நெடுங்காலமாகச் சென்றுள்ளன. பறிப்போர் பெரும்பாலும் மீனவப் பெண்கள். மூச்சடக்கி மூழ்கிக் கையால் பறிப்பவர்கள். 1986இல் அங்குள்ள 21 தீவுகளை உள்ளடக்கிக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபின், தீவுகளை அண்டிய பறிப்பு அவர்களுக்குத் தடைக்கும் வழக்குக்கும் உரியதாயிற்று. இலங்கைக் கரையின் செம்பாசியொன்று ஐரோப்பிய வணிகத்தில் ‘சிலோன் மொஸ்’ எனப் பெயர்பெற்றதும், அகர் என்பது மலாய்ச் சொல்லே என்பதும் இம்மாநாட்டினர்க்கு உவப்பான செய்திகளாகலாம்.

ஆனால் ஒரே அல்ஜினேற்று துணியில் சாயம் பதிப்பதற்கும் ஆகும். பனிக்கூழைத் தடிப்பிக்கவும் ஆகும். உயிருள்ள கலங்களைப் பொதியவும் ஆகும். முதலிரண்டுக்கும் கேளாத தூய்மையை மூன்றாவது கேட்கின்றது. பாசியோடு வரும் புரதத் துணுக்குகள், பொலிபீனோல்கள், பற்றீரியாச் சுவரின் நச்சுத் துகள்கள் ஆகியவை மிகச் சிறிதளவே எஞ்சினும் உடல் அழற்சி கொள்ளும். தொடக்ககால ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டதற்கு, ஆய்வாளர் பயன்படுத்திய அல்ஜினேற்று ஒரே தரமாக இல்லாமையும் ஒரு காரணம்.

கூழ் களியாதல்

தமிழ் அடுக்களை கூழையும் களியையும் வேறுபடுத்தும். கூழை ஊற்றலாம், களி நிற்கும். வேதியியலில் இதே வேறுபாட்டைக் குறிக்க இரு அயற்சொற்கள் தேவைப்படுகின்றன; நமக்கோ ஆயத்தமாகவே உள்ளன. சோடியம் அல்ஜினேற்றை ஒன்று அல்லது இரண்டு சதவீத அளவில் நீரிற் கரைத்தால் கிடைப்பது கூழ். அதனைக் கல்சியம் குளோரைட்டுக் கரைசலில் துளித்துளியாக விட்டால், துளி விழுந்த கணமே களியாகி மணியாக உருள்கின்றது. பூந்திக் கரண்டியிலிருந்து கடலைமாக் கரைசல் எண்ணெயில் விழுவதைக் கண்டவர்க்கு இக்காட்சி புதிதன்று. ஆனால் பூந்தியைத் திடமாக்குவது வெப்பம்; இங்கே வெப்பம் வேண்டியதில்லை. உயிருள்ள கலம், நொதியம், பற்றீரியா போன்ற மென்மையானவற்றைப் பொதிவதற்கு அல்ஜினேற்றுத் தெரிவுசெய்யப்பட்டதன் முதற்காரணம் இதுவே.

அல்ஜினேற்றுத் தொடரில் இருவகைச் சர்க்கரை அமில அலகுகள் உள்ளன: மனூரோனிக் அமிலம், குலூரோனிக் அமிலம். குலூரோனிக் அலகுகள் அடுத்தடுத்து வரும் பகுதிகளில் தொடர் நெளிந்து, சம தூரங்களில் பள்ளங்கள் அமைகின்றன. இரட்டை நேரேற்றமுள்ள கல்சியம் அயன் அப்பள்ளத்தில் அமர, மறுபக்கத்திலிருந்து இன்னொரு தொடர் வந்து மூடுகின்றது. இரு முட்டைத் தட்டுகளுக்கிடையே முட்டைகள் அடுக்கப்பட்டமை போன்றது என்பதால் 1973இல் முன்வைக்கப்பட்ட இம்மாதிரிக்கு ‘முட்டைப்பெட்டி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. குலூரோனிக் அலகு மிகுந்த பாசி உறுதியான, நொறுங்கும் களியைத் தரும். மனூரோனிக் அலகு மிகுந்தது நெகிழ்ந்த களியைத் தரும். எப்பாசி, அதன் தண்டா இலையா, எப்பருவத்தில் பறித்தது என்பதெல்லாம் இவ்விகிதத்தை மாற்றும்.

துளி முழுவதும் இறுகிவிட்டால் அது மணி. சிமிழ் வேண்டுமாயின் வரிசையை மாற்ற வேண்டும்: கல்சியத்தைச் சாற்றுக்குள் கலந்து, அதனை அல்ஜினேற்றுத் தொட்டியில் விட்டால் தோல் வெளிப்புறமாகவே வளரும், உள்ளே நீர்மம் நீர்மமாகவே இருக்கும். தேநீர்க் கடை முத்தின் மறைபொருள் இதுதான். லிம்மும் சன்னும் வேறு வழி கண்டனர். முதலில் மணியாக்கி, எதிரேற்றமுள்ள அதன் மேற்பரப்பில் நேரேற்றமுள்ள பொலிலைசீன் என்னும் பல்லமினோ அமிலத்தைப் படியவிட்டு, பின் சித்திரேற்றுக் கரைசலால் உள்ளிருந்த கல்சியத்தைப் பிடுங்கியெடுத்தனர். உட்களி மீண்டும் கூழாயிற்று. தோல் மட்டும் நின்றது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைற்றோசானும் நேரேற்றமுடைய பல்சக்கரைட்டாதலால் இத்தகைய தோலுக்குப் பயன்படுகின்றது.

வெளியேறும் வேகம்

பல்சக்கரைட்டுக் களியில் பெரும்பகுதி நீரே. அந்நீரினூடே மருந்து மூலக்கூறுகள் பரவி வெளியேறுகின்றன. நுண்மணியில் மேற்பரப்பை அண்டிய மருந்து முதலில் வெளியேறும். பின்னர் ஆழத்திலுள்ளது நெடுந்தூரம் பயணிக்க வேண்டும். எனவே தொடக்கத்தில் வேகம் மிகுந்து, பின் தளரும். 1961இல் தக்கேரு ஹிகுச்சி இதற்குத் தந்த சமன்பாட்டின்படி, இத்தகைய திடத்திலிருந்து வெளியேறிய அளவு நேரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமாகும். இரு மடங்கு மருந்து வெளியேற நான்கு மடங்கு நேரம் ஆகும். சிமிழிலோ, உள்ளே செறிந்த மருந்து இருக்கும்வரை தோலினூடே ஏறக்குறைய ஒரே வேகத்தில் கசியும். ஆனால் தோல் கிழிந்தால் எல்லாம் ஒருங்கே கொட்டிவிடும். மணி உடைந்தால் இரண்டு மணியாகும். சிமிழ் உடைந்தால் சிமிழே இல்லை. சொல் இரண்டாக வேண்டும் என முன்னர் வற்புறுத்தியது இதன்பொருட்டே.

பரவலோடு நில்லாமல், சூழலே வாயிலைத் திறக்கும்படியும் செய்யலாம். இரைப்பையின் மிகு அமிலத்தில் அல்ஜினேற்று அல்ஜினிக் அமிலமாகிச் சுருங்கி இறுகும். சிறுகுடலில் அமிலம் தணிந்தவுடன் சோடியமும் பொசுபேற்றும் கல்சியத்தை இடம்பெயர்க்க, நீரேற்று ஊதிச் சிதையும். கைற்றோசான் இதற்கு நேர்மாறு. அமிலத்தில் கரையும், அமிலம் குறையத் திரியும். இரண்டையும் அடுக்காகப் பூசும்போது ஒன்றன் குறையை மற்றது ஈடுசெய்கின்றது. பெருங்குடலில் மட்டும் திறக்க வேண்டுமாயின், மனித நொதியங்கள் செரிக்காத, குடற் பற்றீரியாக்கள் மட்டுமே செரிக்கும் பெக்ற்றின் அல்லது கொத்தவரை விதைப் பிசின் பயன்படும். நாம் விதைக்காகப் பயிரிடாத கொத்தவரையை உலகம் விதைக்காகவே வாங்குகின்றது.

இவ்விடத்தில், ஆய்வுகூடத்தை விட்டுச் சற்று வீட்டுக்கு வரவேண்டும். வகை 2 நீரிழிவுக்கு மெற்போமின் உட்கொள்ளும் முதியோர் புலம்பெயர் தமிழரிடையே பலர். அம்மருந்தின் மெதுவாக வெளியிடும் வடிவங்கள் பலவற்றில், செலுலோசிலிருந்து பெறப்படும் ஹைப்ரோமெல்லோஸ் போன்ற பொருள் வில்லையின் உடலாக அமைகின்றது. நீர்பட்டதும் வில்லையின் வெளிப்புறம் களியாகி ஊறிப் பெருக்கும். மருந்து அக்களியினூடே பல மணி நேரம் பரவி வெளியேறும். அளவில் பெரிதே ஒழிய, நாம் பேசிய நுண்மணியின் தத்துவம் இதுவே. மருந்து முழுதும் நீங்கியபின் அக்களி செரிக்கப்படாமல், சில வேளைகளில் வில்லையின் வடிவிலேயே, மலத்தோடு வெளியேறும். இதனைக் கண்ட முதியவர், மருந்து கரையவேயில்லை, உடலில் சேரவேயில்லை என்று கருதுவது இயல்பு. அவ்வாறு கருதியவர் மறுநாள் வில்லையை இடித்துப் பொடியாக்கி விழுங்க முற்படலாம். ஒரு நாள் முழுவதற்கும் பகிர்ந்து வெளிவர வேண்டிய மருந்து ஒரே தடவையில் வந்துவிடும். மருந்துடன் தரப்படும் ஆங்கிலத் தாள் இவ்விரண்டையும் சொல்கின்றது: முழுதாக விழுங்க வேண்டும், மலத்தில் மென்மையான எச்சம் தோன்றலாம். தமிழில் இதனை ‘நீடித்த வெளியீட்டு உறை மாத்திரை’ என்று பெயர்த்துவிட்டால் சொல் பெயர்ந்ததேயன்றிக் கருத்துப் பெயரவில்லை. ‘இவ்வில்லை வயிற்றில் களியாகும், மருந்து அக்களியிலிருந்து மெல்ல ஊறி வெளியேறும், வெறுங் களி பின்னர் வெளியே போகும், உடைத்தால் மருந்து ஒரேயடியாய் வந்துவிடும்’ என்று நான்கு சிறு வாக்கியங்களில் சொல்ல முடியும். கூழும் களியும் அறிந்த பாட்டிக்கு வேதியியல் பட்டம் வேண்டியதில்லை.

உயிருள்ள பொதி

மருந்துக்குப் பதிலாக மருந்து சுரக்கும் கலத்தையே பொதிந்தால், வெளியீட்டைக் கட்டுப்படுத்துவது பொதி மட்டுமன்று. உள்ளிருக்கும் கலம் குருதியின் குளுக்கோசை அறிந்து தானே அளவிட்டுச் சுரக்கும். இக்கனவின் வேர் மொன்றியலில் உள்ளது. மக்கில் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த தோமஸ் சாங் 1957இலேயே செயற்கைக் கலங்களை ஆக்கும் முயற்சியைத் தொடங்கியிருந்தார்.

கணக்கு எளியது போலத் தோன்றும். குளுக்கோசின் மூலக்கூற்றுத் திணிவு 180. இன்சுலினுடையது ஏறத்தாழ 5,800. அந்நியக் கலங்களைத் தாக்கும் பிறபொருளெதிரியினுடையது ஏறத்தாழ 150,000. முதலிரண்டையும் விட்டு மூன்றாவதைத் தடுக்கும் துளையமைந்த தோல் போதுமல்லவா? போதாது. வெண்கலங்கள் ஒன்றையொன்று அழைக்கவும் அயற்கலங்களைச் சிதைக்கவும் விடும் சைற்றோகைன்கள் சிலவற்றின் திணிவு 17,000 அளவே. இன்சுலினை வெளியே விடும் துளை அவற்றை உள்ளே வரவும் விடக்கூடும். அதனிலும் பெரிய இடர் ஒட்சிசன். சதையியில் இக்கலத்திரள்களுக்குள் குருதி மயிர்க்குழாய்கள் ஊடுருவிச் செல்கின்றன. பொதிக்குள் அவ்வசதி இல்லை. களியினூடே பரவி வரும் ஒட்சிசன் மட்டுமே உணவு. திரளின் நடுப்பகுதி மூச்சுமுட்டி இறக்கின்றது. இறந்த கலம் சிதறவிடும் புரதங்கள் மீண்டும் தாக்குதலை அழைக்கின்றன.

1994இல் ‘லான்செற்’ இதழில் பற்றிக் சூன்-சியொங் குழுவினர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். அல்ஜினேற்றில் பொதிந்த மனிதக் கலத்திரள்களைப் பெற்ற அவர் ஒன்பது மாதங்கள் இன்சுலின் ஊசியின்றி வாழ்ந்தார். செய்தித்தாள்கள் இதனைக் கொண்டாடின. ஆனால் அந்நோயாளி முன்னரே சிறுநீரக மாற்றுப் பெற்று, நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகளை உட்கொண்டுவந்தவர் என்பதையும் சேர்த்தே அம்முடிவை நிறுக்க வேண்டும். நியூசிலாந்தில் 1996இல் பன்றியின் கலத்திரள்களை அல்ஜினேற்றுப் பொதிகளில் பெற்ற ஒருவரின் வயிற்றறையில், ஒன்பதரை ஆண்டுகளின் பின் நோக்கியபோது சில பொதிகளுக்குள் கலங்கள் இன்னும் உயிரோடிருந்தன. அவர் இன்சுலின் ஊசியைக் கைவிடவில்லை. கைவிடும் அளவுக்கு அவை சுரக்கவுமில்லை. பொதி உயிரைக் காத்தது, தொழிலைக் காக்கவில்லை.

இத்தனைக்கும் மேலாக உடல், தன்னால் விழுங்க முடியாத எதனையும் நாரிழையத்தால் போர்த்திவிடும். பொதியைச் சுற்றி உடல் போர்த்தும் இவ்வெளியுறையே துளைகளை அடைத்துவிடுகின்றது. உறை என்னும் சொல்லை நான் இதற்கே விட்டுவைத்திருக்கின்றேன். 2015இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்தோர் எதிர்பாராத ஒன்றைக் காட்டினர்: அரை மில்லிமீற்றர் மணிகளை விட, ஒன்றரை மில்லிமீற்றர் மணிகளின் மீது நாரிழையம் குறைவாகவே படிந்தது, அவற்றில் பொதிந்த கலங்கள் எலிகளில் 180 நாள்கள் வரை தொழிற்பட்டன. சிறியதே நன்று என்று அதுகாறும் பலர் நம்பியிருந்தனர். அடுத்த ஆண்டு, வேதியியல் முறையில் திருத்திய அல்ஜினேற்றில் மனிதக் குருத்துக்கலங்களிலிருந்து ஆக்கிய இன்சுலின் கலங்களைப் பொதிந்து, நிர்ப்பீடனம் அடக்கப்படாத எலிகளில் 174 நாள்கள் குளுக்கோசைச் சீராக வைத்திருந்தனர். இருப்பினும் மணி பெரிதாக ஆக, நடுவிலுள்ள கலத்துக்கு ஒட்சிசன் அரிதாகும் என்னும் பழைய கணக்கு மாறவில்லை. நாரிழையத்துக்கு அஞ்சிப் பெரிதாக்கினால் மூச்சு முட்டும். மூச்சுக்கு அஞ்சிச் சிறிதாக்கினால் நாரிழையம் மூடும். இன்றைய ஆய்வுகளிற் பெரும்பகுதி இவ்விரண்டுக்கும் நடுவிலேயே நிற்கின்றது.

இவ்வாய்வுகள் யாவும் இன்சுலின் சுரக்கும் கலங்களை உடலே அழித்துவிடும் வகை 1 நீரிழிவை நோக்கியவை. நம் சமூகத்தில் பெருகியுள்ள வகை 2 நீரிழிவில் இடர் பெரிதும் இன்சுலினுக்கு உடல் இசையாமையில் உள்ளது. பொதிந்த கலங்கள் அதற்கு நேரடியான தீர்வாக முன்வைக்கப்படவில்லை. ‘நீரிழிவுக்குப் பாசியில் மருந்து’ என்று தமிழில் தலைப்பிடுவோர், வகையின் எண்ணை அத்தலைப்பிலேயே எழுதுதல் வேண்டும்.